திருச்சபையில் இசையும் ஓவியமும்: செவிக்கு ஒரு நீதி, கண்ணுக்கு ஒரு நீதியா?

ஆலயச் சுவரில் ஓவியம் இருக்கலாமா என்னும் கேள்வி நம்முடைய சேகரங்களில் அடிக்கடி எழுவதில்லை. எழுந்தாலும் நெடுநாள் நீடிப்பதில்லை. ஒரு வாளி சுண்ணாம்பு அதனை முடித்து வைத்துவிடுகிறது. ஆலயத்தில் எவ்வகை இசை ஒலிக்கலாம் என்னும் கேள்வியோ தமிழ்த் திருச்சபை தோன்றிய நாள் முதல் ஓய்ந்தபாடில்லை. ஞானப்பாட்டா கீர்த்தனையா, ஆர்கனா ஆர்மோனியமா, வயலினா பறையா என்று தலைமுறைதோறும் வழக்காடி வந்திருக்கிறோம். வழக்காடியதனாலேயே நம் இசை வளர்ந்தது என்றும் சொல்லலாம். ஓவியத்தைப் பற்றியோ நாம் வழக்காடியதே இல்லை. இவ்வேறுபாடு திருமறையிலிருந்து வந்ததா, சீர்திருத்தத் தந்தையரிடமிருந்து வந்ததா, வேறெங்கிருந்தேனும் வந்ததா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியது ஒரு நிகழ்ச்சி. பல ஆண்டுகளுக்கு முன் நான் ஊழியம் செய்த ஒரு கிராமச் சபையில், கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த இளைஞர் ஒருவர் இருந்தார். பிரதிஷ்டை பண்டிகைக்காக ஆலயத்துக்கு வெள்ளையடித்தபோது, நற்கருணை மேசைக்குப் பின்னுள்ள சுவரில் ஒரு படம் எழுத அவர் அனுமதி கேட்டார். நான் கொடுத்தேன், கமிட்டியைக் கலந்துகொள்ளாமலே கொடுத்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று இரவு விழித்திருந்து எழுதினார். பனைமரத்தடியில் ஆண்டவர் அமர்ந்திருக்கிறார். எதிரே குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சமாரியப் பெண் நிற்கிறாள். பின்னால் தெரிவது அவ்வூர்க் கிணறு, அவ்வூர்த் துலா. ஆண்டவருடைய மேனி வெயிலில் உழைப்பவரின் கருமை. ஞாயிறு ஆராதனை முடிந்தபின் பெண்கள் பலர் வீட்டுக்குப் போகாமல் அதன்முன் நின்றார்கள். அடுத்த சனிக்கிழமைக்குள் அதன்மேல் சுண்ணாம்பு ஏறிவிட்டது. உருவ வழிபாட்டுக்கு இடங்கொடுக்கலாகாது என்று காரணம் சொல்லப்பட்டது. ஆனால் மூப்பர் ஒருவர் தனிமையில் என்னிடம் மனந்திறந்து சொன்ன காரணம் வேறு: "ஐயா, ஆண்டவரப் போயி நம்ம தெரு ஆளு மாதிரி எழுதிப்போட்டா, பாக்கிறவன் சிரிக்க மாட்டானா?" அதே வாரத்தில் அதே கமிட்டி ஒரு விலையுயர்ந்த கீபோர்டு வாங்கத் தீர்மானித்தது. ஆலயத்தின் பக்க அறையில் நீலக் கண்களும் பொன்னிறக் கூந்தலுமாக நாட்காட்டியில் தொங்கிக்கொண்டிருந்த ஆண்டவரின் படத்தை எவரும் அகற்றவில்லை.

மூப்பரைக் குறைகூற எனக்கு மனமில்லை. அவர் சொன்னதில் வெட்கம் இருந்தது. அவ்வெட்கத்தை அவர் தாமாக உண்டாக்கிக்கொள்ளவில்லை. அது எங்கிருந்து வந்தது என்பதைக் காணுமுன், அவர் துணைக்கு அழைத்த சீர்திருத்த மரபு உண்மையில் என்ன சொல்லிற்று என்பதை நோக்குவோம்.

விட்டன்பர்க்கும் சூரிக்கும்

1521 மே முதல் லுத்தர் வார்ட்பர்க் கோட்டையில் மறைந்திருந்தார். அக்காலத்தில் விட்டன்பர்க் நகரில் சீர்திருத்தத்தை விரைந்து நடத்தியவர் அவருடைய உடன் பேராசிரியராகிய கார்ல்ஸ்டாட். 1522 ஜனவரியில் படங்களை அகற்றுவதைக் குறித்து அவர் ஒரு சிறுநூல் வெளியிட்டார். நகரமன்றமும் அம்மாதமே ஆலயப் படங்களை அகற்றக் கட்டளையிட்டது; பொறுமையற்ற சிலர் தாங்களே கைவைக்கத் தொடங்கினர். கார்ல்ஸ்டாட்டிடம் நான் மதிப்பது அவருடைய முரணின்மை. ஓவியத்தை விலக்கிய அவர் ஆர்கனையும் பலகுரல் இசையையும் சேர்த்தே எதிர்த்தார். கடவுள் ஒருவர், விசுவாசம் ஒன்று, ஞானஸ்நானம் ஒன்று என்றால் பாட்டும் ஒரே குரலாய் இருத்தல் வேண்டும் என்பது அவர் வாதம். கண்ணுக்கு ஒரு சட்டமும் செவிக்கு வேறொரு சட்டமும் அவர் வகுக்கவில்லை.

லுத்தர் 1522 மார்ச்சில் நகருக்குத் திரும்பி எட்டு நாள் தொடர்ந்து பிரசங்கித்தார். அப்பிரசங்கங்களைப் போதகர் யாவரும் ஒருமுறையேனும் வாசித்தல் நலம். படங்கள் இல்லாதிருப்பதே தமக்கு விருப்பம் என்று அவர் மறைக்காமல் சொன்னார். எனினும் அவை இருப்பதாலோ இல்லாமையாலோ எவரும் கடவுள்முன் நீதிமான் ஆவதில்லை. அவை கிறிஸ்தவனுடைய சுயாதீனத்துக்கு உட்பட்டவை என்றார். தவறாகப் பயன்படுகிறதென்பதற்காக ஒரு பொருளை ஒழிக்கப் புகுந்தால், மக்கள் தொழுதுவந்த சூரியனையும் சந்திரனையும் வானத்திலிருந்து பிடுங்க நேருமே என்று கேட்டார். படத்தைப் பலவந்தமாய் உடைப்பவன், அதைச் சுவரிலிருந்து அகற்றுகிறானேயன்றி மனிதனுடைய உள்ளத்திலிருந்து அகற்றுவதில்லை. முதலில் வசனம் பிரசங்கிக்கப்பட வேண்டும். உள்ளம் விடுபட்டபின் படம் தானாகவே வலிமை இழக்கும் என்பது அவர் கொண்ட முறை.

1525-இல் அவர் ஒருபடி மேலே சென்றார். கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றிய செய்தியைக் கேட்கும்போது, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், சிலுவையில் தொங்கும் ஒருவருடைய உருவம் என் உள்ளத்தில் எழுகிறது. நீரை நோக்கும்போது என் முகம் அதில் தெரிவதுபோல அது இயல்பாய் நிகழ்கிறது. உள்ளத்தில் அவ்வுருவம் இருப்பது பாவமல்லவென்றால், கண்முன் இருப்பது எப்படிப் பாவமாகும்? இதுவே அவர் வாதத்தின் சாரம். நம் விவாதத்துக்கு இது மிகவும் பயன்படுவது. ஏனெனில் கேட்பதையும் காண்பதையும் நாம் பிரித்து வைக்கும் சுவரை இது இடித்துவிடுகிறது. பிரசங்கி வாயால் படம் எழுதுகிறான். பாடகன் இராகத்தால் எழுதுகிறான். அவ்விருவரையும் அனுமதித்துவிட்டு வண்ணத்தால் எழுதுபவனை மட்டும் வாசலில் நிறுத்துவதற்கு நியாயம் காட்ட வேண்டியவர்கள் நாமே.

1524-இல் யோகான் வால்டர் தொகுத்த பாடல் நூலுக்கு எழுதிய முன்னுரையில், நற்செய்தி வந்ததனால் கலைகள் யாவும் அழிய வேண்டும் என்று எண்ணுவோருடன் தாம் உடன்படவில்லை என்றும், கலைகளைப் படைத்தவருக்கே அவை, சிறப்பாக இசை, ஊழியஞ் செய்யக் காண விரும்புவதாகவும் லுத்தர் குறிப்பிட்டார். அவ்விருப்பம் சுவரில் நிறைவேறியதை விட்டன்பர்க் நகர ஆலயத்தில் இன்றும் காணலாம். லுத்தர் மரித்து ஓராண்டு கழித்து, 1547-இல், கிரானாக் ஓவியக்கூடத்தார் செய்த பலிபீட ஓவியம் அங்கே நிற்கிறது. அதன் அடிப்பலகையில் எழுதியிருப்பது வெறுமையான ஓர் அறை. ஒருபுறம் பிரசங்கபீடத்தில் லுத்தர். ஒரு கை திறந்த வேதாகமத்தின்மேல், மறு கை நடுவிலுள்ள சிலுவையைச் சுட்டுகிறது. மறுபுறம் ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் அடங்கிய சபை. அச்சபையார் பிரசங்கியை நோக்கவில்லை; அவர் சுட்டுகின்றவரையே நோக்குகின்றனர். பிரசங்கம் என்பது என்னவென்று வகுப்பறையில் நான் ஒருமணி நேரம் விளக்குவதை இந்த ஒரு பலகை விளக்கிவிடுகிறது.

சூரிக் நகரம் வேறு வழி சென்றது. சுவிங்கிளி சீர்திருத்தத் தலைவர்களுள் இசைப் பயிற்சி மிக்கவர். பல வாத்தியங்கள் வாசிக்கத் தெரிந்தவர். அவரே ஆராதனையிலிருந்து இசையை விலக்கினார் என்பது விந்தை. 1524 கோடையில், நகரமன்றத்தின் ஆணைப்படி, குருமாரும் கைவினைஞரும் அடங்கிய குழு ஆலயங்களின் கதவுகளை அடைத்துக்கொண்டு, ஏறக்குறைய இரண்டு வாரங்களில் படங்களையும் சிலைகளையும் ஒழுங்காக அகற்றிற்று. சுவர்கள் வெள்ளையடிக்கப்பட்டன. ஆர்கன்கள் மௌனமாயின, பெரிய ஆலயத்தின் ஆர்கன் 1527-இல் கழற்றப்பட்டது. 1598 வரை சூரிக் ஆராதனையில் சபைப் பாடல் ஒலிக்கவில்லை. இங்கும் ஒரு நேர்மை உண்டு: கண்ணை அடைத்தவர் செவியையும் அடைத்தார்.

இரண்டையும் வேறுபடுத்தியவர் கால்வின். ஓவியமும் சிற்பமும் கடவுளின் கொடைகள் என்று அவர் எழுதினார். ஆனால் கண்ணால் காணத்தக்கவற்றையே எழுதலாம், ஆலயத்தில் அவற்றுக்கு இடமில்லை என்றார். பாட்டுக்கோ வாசலைத் திறந்து, சங்கீதங்களைப் பாவாக்கி ஒரே குரலில், வாத்தியமின்றிப் பாடச் செய்தார். 150 சங்கீதங்களும் அடங்கிய ஜெனீவா சங்கீதப் புத்தகம் 1562-இல் நிறைவுற்றது. மறு ஆண்டில் வெளிவந்த ஐடல்பர்க் வினாவிடை, படங்கள் பாமரருக்குப் புத்தகங்களாய் இருக்கலாகாதா என்று ஒரு வினா எழுப்பி, கடவுளைவிட ஞானமுள்ளவர்களாய் நடக்கலாகாது என்னும் கருத்தில் விடை தந்தது.

நம் சபைகளில் பத்துக் கட்டளைகளை எண்ணும் முறையே இவ்வேறுபாட்டைக் காட்டும். லுத்தரன் திருச்சபைச் சிறுவனுக்கு இரண்டாம் கட்டளை கடவுளின் நாமத்தை வீணில் வழங்குவதைப் பற்றியது. தென்னிந்தியத் திருச்சபைச் சிறுவனுக்கு இரண்டாம் கட்டளை விக்கிரகத்தைப் பற்றியது. இருவரும் ஒரே வீதியில் வளர்கின்றனர். ஒரே கீர்த்தனையைப் பாடுகின்றனர். ஆனால் ஒருவனுடைய வினாவிடையில் தனிக் கட்டளையாய் நிற்பது மற்றவனுடையதில் முதற்கட்டளைக்குள் அடங்கிப்போயிற்று.

தமிழ்ச் செவி திறந்த வரலாறு

1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கும் அவர் வழிவந்தோரும் லுத்தரன் மரபினர். அவர்கள் ஜெர்மானிய ஞானப்பாட்டுகளை அவற்றின் மெட்டிலேயே பாடும்படி தமிழாக்கித் தந்தனர். பப்பிரிசியுஸ் ஐயரின் மொழிபெயர்ப்புகள் இன்றும் பல வீடுகளில் ஜெபத்தோடு பாடப்படுகின்றன. அவற்றை இகழ்வது என் நோக்கமன்று. எனினும் ஓர் இடர் அவற்றில் உண்டு. ஜெர்மானியப் பாவின் நடை அசையழுத்தத்தால் அமைவது. தமிழின் நடை மாத்திரையால் அமைவது. மெட்டின் அடி குறில்மேல் விழும்போது குறில் நெடிலாகிறது. விரைந்து செல்லும் இடத்தில் நெடில் குறுகிப்போகிறது. அவர்கள் பாவில் ஒலிநயம் அடியிறுதியில். தமிழ்ச் செவி எதுகையை அடியின் தொடக்கத்தில் தேடுகிறது. பொருள் விளங்கினாலும் பாட்டு நாவில் ஒட்டாமைக்கு இதுவே காரணம்.

இத்தடையை நீக்கியவர் வேதநாயகம் சாஸ்திரியார். 1774-இல் பிறந்து, சிறுவயதிலேயே சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, சரபோஜி இளவரசருடன் கல்வி பயின்று, 1864 வரை வாழ்ந்தவர். அவர் எடுத்துக்கொண்ட வடிவங்களை நோக்குங்கள். குறவஞ்சி, கோயிலிலும் அரசவையிலும் ஆடப்பெற்ற நாடகம். பாட்டுடைத் தலைவன்மேல் காதல்கொண்ட தலைவிக்குக் குறத்தி குறிசொல்லும் கதை. 1800-இல் அவர் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சியில் தலைவி திருச்சபையாகிறாள், தலைவன் கிறிஸ்துவாகிறார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் கீர்த்தனை அமைப்பும் அவ்வாறே ஆலயத்துக்குள் வந்தது. அந்நிய தெய்வத்தைப் பாடிய வடிவம் ஆயிற்றே என்று அவர் அஞ்சவில்லை. பிற்காலத்தில், 1853-இல், அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார்; அதன்பின் அவை எல்லா மிஷன் எல்லைகளையும் கடந்தன. சங்கீதம் தவிர வேறொன்றும் பாடலாகாது என்ற மரபுக்கு நெருங்கிய உறவினரான ஒரு மிஷனின் ஊழியரே இதைச் செய்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆனால் இவ்வரலாற்றில் நாம் விரும்பாத ஒரு பக்கமும் உண்டு. 1829-ஐ ஒட்டிய ஆண்டுகளில், தஞ்சைச் சபையின் பழைய வழக்கங்களை மாற்றப் புகுந்த புதிய மிஷனெரிகளுக்கு எதிராகச் சாஸ்திரியாரும் அவரைச் சார்ந்தோரும் எழுதிய முறையீடுகளில், தமிழ் இசைக்காகவும் பண்டிகைப் பூக்களுக்காகவும் அவர்கள் வாதாடினார்கள். அம்முறையீடுகளிலேயே ஆலயத்தில் சாதிவாரியாக அமரும் வழக்கத்துக்காகவும் வாதாடினார்கள். நம் இசையின் தந்தை, நாம் இன்று பாவமென்று அறிக்கையிடும் ஒன்றையும் அதே மூச்சில் காத்தார். மறுபுறத்தில், சாதியை எதிர்த்த மிஷனெரிகள் பூமாலையையும் கீர்த்தனையையும் அச்சாதியோடு சேர்த்துக் கட்டி வெளியே எறியப் பார்த்தனர். இருதிறத்தாரும் பண்பாட்டை ஒரே மூட்டையாகக் கருதியதே தவறு என்பது என் எண்ணம். மூட்டையை அவிழ்த்துப் பார்க்கும் பொறுமை எவருக்கும் இல்லை.

அந்த மூட்டை நம் காலத்தில் மீண்டும் அவிழ்க்கப்பட்டது. மதுரையில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியாப்பிலஸ் அப்பாவு (1940–2005), கருநாடக இசையே தமிழ்க் கிறிஸ்தவ இசை என்ற எண்ணத்தை அசைத்தார். அவ்விசை யாருடைய வீட்டு இசை, சேரியில் வாழும் விசுவாசி அதைப் பாடும்போது யாரைப்போல ஆக முயல்கிறான் என்று கேட்டார். நாட்டுப்புற மெட்டுகளில் வழிபாட்டு முறைமையும் பாடல்களும் அமைத்தார். ஒரே உலையில் பொங்கி யாவரும் பகிர்ந்துண்ணும் வழக்கத்தை நற்கருணையோடு இணைத்துக் காட்டினார். பறை ஆலயத்துக்குள் வந்தபோது எழுந்த எதிர்ப்பை உங்களுள் பலர் நேரில் அறிவீர்கள். அவ்வெதிர்ப்பு மேல்சாதியாரிடமிருந்து மட்டும் வரவில்லை. பிணத்தின்முன் பறையடிக்கும் கட்டாயத்திலிருந்து மீண்டு வந்த குடும்பங்களின் பெரியோர் சிலருக்கு, அவ்வொலி விடுதலையின் ஒலியாகக் கேட்கவில்லை. என் சேகரத்து மூப்பர் ஓவியத்தைப் பார்த்து வெட்கப்பட்டதற்கும் இதற்கும் ஓர் உறவு உண்டு. பறையைப் பற்றியோ நாம் பேசினோம், சண்டையிட்டோம், சிலர் அழுதார்கள், சிலர் மனம் மாறினார்கள். சுவரைப் பற்றி அப்படி ஒன்றும் நிகழவில்லை.

சுவர் ஏன் ஊமையாயிற்று

காரணங்கள் சில தெளிவானவை. உருவ வழிபாட்டை விட்டு வந்த முதல் தலைமுறையினருக்குப் படமென்றாலே பழைய வாழ்வு நினைவுக்கு வந்தது. பலவீனமான மனச்சாட்சியைப் பேணுவது அப்போஸ்தலன் கற்பித்த முறைதான். மதுரையிலும் ஆற்காட்டிலும் நாகர்கோவிலிலும் வேலைசெய்த மிஷன்கள் பெரும்பாலும் கால்வினிய வழி வந்தவை. ஆற்காட்டு மிஷனுக்கு ஐடல்பர்க் வினாவிடை சொந்த வினாவிடை. இன்னொரு காரணமும் இருந்ததாக நினைக்கிறேன். சபைக்குள் ஒரு சாஸ்திரியார் தோன்றினார். ஒரு ஸ்தபதி தோன்றவில்லை. கல்லும் உலோகமும் வண்ணமும் கையாண்ட குடும்பங்களின் பிழைப்பு கோயிலைச் சார்ந்திருந்தது. பாட்டு ஒருவருடைய தொண்டையில் இடம்பெயரும். சிற்பம் அப்படிப் பெயராது.

ஆயினும் நம் ஆலயங்களில் உருவங்களே இல்லை என்பது மெய்யன்று. தஞ்சையில் சிவகங்கைத் தோட்டத்தருகே உள்ள சுவார்ட்ஸ் ஆலயத்துக்குச் சென்று பாருங்கள். சரபோஜி மன்னர் இங்கிலாந்தின் புகழ்பெற்ற சிற்பி ஜான் பிளாக்ஸ்மனைக்கொண்டு செய்வித்த சலவைக்கல் சிற்பம் அங்கே இருக்கிறது. மரணப்படுக்கையில் சுவார்ட்ஸ் ஐயர். அவர் கையைப் பற்றி நிற்கும் மன்னர். அழகான, மனத்தை உருக்கும் சிற்பம். சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்திலும் பேராயர் ஈபர் முதலியோரின் சலவைக்கல் உருவங்கள் நிற்கின்றன. அவற்றைக் கண்டு எவரும் உருவ வழிபாடு என்று அஞ்சியதில்லை. வெள்ளைக்கல்லில் வெள்ளையரின் உருவம் நினைவுச்சின்னம். சுண்ணாம்புச் சுவரில் கறுத்த கிறிஸ்துவின் உருவம் விக்கிரகம். இந்த இலக்கணத்தை எந்த வினாவிடையும் நமக்குக் கற்பிக்கவில்லை.

வீடுகளின் நிலையும் அதுவே. ஜெர்மானியராகிய ஹாப்மன் எழுதிய கெத்செமனே, சிகாகோவில் விளம்பர ஓவியராயிருந்த வார்னர் சால்மன் 1940-இல் எழுதிய கிறிஸ்துவின் தலை, ஆங்கிலேயராகிய ஹோல்மன் ஹண்ட் எழுதிய, கதவைத் தட்டும் கிறிஸ்து ஆகியவை நாட்காட்டியாகவும் கண்ணாடிச் சட்டமாகவும் நம் வீட்டுச் சுவர்களில் குடியேறிவிட்டன. ஹண்ட் எழுதிய கதவுக்கு வெளிப்புறத்தில் கைப்பிடி இல்லை, உள்ளேயிருந்துதான் திறக்க வேண்டும் என்னும் விளக்கத்தைக் கேளாத கிறிஸ்தவர் தமிழ்நாட்டில் உண்டோ? ஓவியத்தைக் கண்டித்துப் பேசும் போதகரும் அதைப் பிரசங்கத்தில் சொல்லாமல் விடுவதில்லை, நானும் சொல்லியிருக்கிறேன். ஆகவே நாம் படமில்லாத மக்களல்லர். பிறர் எழுதிய படத்தை ஆராயாமல் ஏற்றுக்கொண்டு, நாம் எழுதும் படத்தை மட்டும் ஆராய்ந்து தள்ளும் மக்கள். மூப்பருடைய வெட்கம் பிறந்த இடம் இதுதான். ஆயுட்காலம் முழுதும் ஆண்டவரை ஒரே நிறத்தில் கண்ட கண்ணுக்கு, தன் நிறத்தில் அவரைக் காண்பது இழிவாகத் தோன்றுகிறது.

மாற்றுவழி தேடியவர்கள் இருந்தார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்து இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பேராயரான அசரியா, தோர்ணக்கல்லில் இந்திய மரபுகள் பலவற்றை இணைத்து எழுப்பிய பேராலயம் 1939-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. 1921-இல் திருப்பத்தூரில் சேசுதாசனும் பாரஸ்டர் பேட்டனும் நிறுவிய கிறிஸ்துகுல ஆசிரமத்தின் ஆலயம் திராவிடக் கோபுர அமைப்பில் நிற்கிறது. ஆந்திர லுத்தரன் போதகராகிய சாலொமோன் ராஜ் (1921–2019) மெழுகுச் சாயத் துணியிலும் மரச்செதுக்கிலும் நற்செய்தியை எழுதினார்; கலைஞரும் போதகரும் ஒருவரே ஆகலாம் என்பதற்கு அவர் சாட்சி. ஆனால் இவை ஆசிரமங்களிலும் கல்லூரிகளிலும் நூல்களிலும் நின்றுவிட்டன. கீர்த்தனை சென்ற தூரம் இவை செல்லவில்லை. தென்னிந்தியத் திருச்சபை தன் சின்னத்தில் சிலுவையோடு தாமரையை வைத்துக்கொண்டது. அத்தாமரையை ஆலயச் சுவரில் எழுதப் புகுந்தால் என்ன நிகழும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

இதற்கிடையே படம் வேறொரு வாசலால் உள்ளே வந்துவிட்டது. பட்டணத்து ஆலயங்களில் பாட்டின் வரிகளைக் காட்டப் பெரிய திரைகள் வைத்திருக்கிறோம். வரிகளுக்குப் பின்னால் அயல்நாட்டுப் பனிமலையும் ஏரியும் சூரியாஸ்தமனமும் மாறிமாறித் தோன்றுகின்றன. அவற்றைத் தெரிந்தெடுத்தவர் யார்? எந்தக் கமிட்டியும் கூடவில்லை. கணினியில் முன்பே கிடந்ததை ஓர் இளைஞர் எடுத்து வைத்தார். சுவரில் ஒரு பனைமரத்துக்கு இடங்கொடாத நாம், திரையில் எதற்கும் இடங்கொடுத்துவிட்டோம்.

இரண்டுக்கும் ஒரே அளவுகோல்

திருமறை இவ்வேறுபாட்டுக்குத் துணைநிற்கவில்லை. சொரூபத்தை விலக்கும் யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்துக்கும் கேருபீன்களைப் பொன்னால் செய்யச் சொல்லும் 25-ஆம் அதிகாரத்துக்கும் இடையே ஒருசில பக்கங்களே உள்ளன. கடவுளின் ஆவியால் நிரப்பப்பட்டவன் என்று 31-ஆம் அதிகாரம் பேர்சொல்லிக் கூறுவது கைவினைஞனாகிய பெசலெயேலை. மோசே செய்த வெண்கலச் சர்ப்பம் ஜீவனைக் காத்தது. தலைமுறைகள் கடந்து அதற்குத் தூபங்காட்டியபோது எசேக்கியா அதை உடைத்து நிகுஸ்தான் என்று பேரிட்டான். செய்தவனும் சரியே செய்தான், உடைத்தவனும் சரியே செய்தான். வெண்கலம் மாறவில்லை, சபை மாறிற்று.

செவிக்கும் இதே சோதனை உண்டு. பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தம்மை அசைத்தபோது தாம் பாவஞ்செய்ததாக அகுஸ்தீன் தம் அறிக்கைகளின் பத்தாம் புத்தகத்தில் எழுதினார். மிலானில் சபையின் பாட்டைக் கேட்டுக் கண்ணீர்விட்ட அதே அகுஸ்தீன்தான். இசைக்கும் தூபங்காட்டப்படலாம். ஒலிபெருக்கி அதிர, தாளம் தானாக ஓட, மேடையிலிருப்போர் பாட, சபை நின்று பார்க்கும் ஆராதனைகளை நாம் கண்டிருக்கிறோம். அங்கே பாட்டு சபையின் வாயிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. ஓவியத்துக்கு நாம் காட்டும் அச்சத்தில் பத்தில் ஒரு பங்கை அதற்குக் காட்டினால் நலமாயிருக்கும்.

ஆகவே ஓவியத்தையும் பாட்டையும் நான் ஒரே வினாக்களால் சோதிக்க விரும்புகிறேன். அடிப்பலகையிலுள்ள லுத்தரின் விரலைப்போல அது தன்னைவிட்டு அப்பால் சுட்டுகிறதா? சபையின் ஏழைகளும் சிறியோரும் அதில் தங்களைக் காண்கிறார்களா, அல்லது பிறரைப்போல ஆகக் கற்கிறார்களா? வைப்பதற்கு முன்னும் எடுப்பதற்கு முன்னும் அதைப்பற்றிச் சபைக்குப் போதிக்கப்பட்டதா? மூன்றாம் வினாவில் நானே தவறினேன். கமிட்டி சுண்ணாம்பால் செய்ததை நான் அனுமதியால் செய்தேன். இருவரும் போதனைக்கு முன்னே கைவைத்தோம். அவ்விளைஞர் பின்பு பிழைப்புக்காக வெளியூர் போய்விட்டார். ஆலயத்துக்கு அவர் மறுபடி வண்ணம் எடுத்துவந்ததில்லை.

பிற்காலத்தில் வேறொரு சேகரத்தில் இக்கேள்வி எழுந்தபோது ஆறு மாதம் எடுத்துக்கொண்டோம். யாத்திராகமத்தையும் 2 இராஜாக்கள் 18-ஆம் அதிகாரத்தையும் வேதபாட வகுப்பில் படித்தோம். வாலிபர் சங்கத்தார் பல நாட்டார் எழுதிய கிறிஸ்துவின் படங்களைச் சேகரித்து, ஒருநாள் மாலை ஆலய வராந்தாவில் வரிசையாய் வைத்தனர். அந்நாள்வரை தான் ஒரே ஒரு படத்தைத்தான் ஆண்டவர் என்று எண்ணியிருந்ததாக ஒரு பெரியவர் சொன்னார். எதிர்த்தவர்களுடைய பேச்சையும் முழுதாய்க் கேட்டோம். சுவரில் எழுதுவது வேண்டாம், கழற்றக்கூடிய பலகையாய் இருக்கட்டும் என்ற ஆலோசனை அவர்களுடையதே. நிகுஸ்தானை மனத்தில் வைத்துச் சொன்ன நல்ல ஆலோசனை. சபைப் பள்ளி ஆசிரியை ஒருவர், ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் பனையோலைப் பெட்டியில் ஏந்திவரும் சிறுவனை எழுதினார். அப்பலகையைத் தபசு காலத்தில் மாட்டி, உயிர்த்தெழுந்த பண்டிகைக்குப் பின் இறக்கி வைத்தோம். மறு ஆண்டு அதை மீண்டும் மாட்ட எடுத்தபோது, குடத்தோடு ஒரு பெண்ணும் அதில் இருக்கலாமே என்று கேட்டு வந்தவர்கள் மாதர் சங்கத்தார்.